கால் நனைக்கும் தொட்டி

என் மச்சான் மாரப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது சப் கோர்ட் வாசலில். கேட்டுக்கு வெளியே ஒரு வாழைப்பழ வண்டி நிற்கும். அங்கே நின்று பழம் வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்பளே, டீ குடிச்சீங்களா?" என்றார். குடித்துவிட்டேன் என்றேன். குடிக்கவில்லை, அவருக்கு எதற்குச் செலவு என்று அப்படிச் சொன்னேன். ஒரு சீப்புப் பழத்தைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "பாவாயிகிட்டக் குடுத்துருங்க. இன்னிக்கோட கட்டி முடிஞ்சுதுன்னு சொல்லுங்க" என்றார். பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கையைத் தூக்கிக் காட்டினார்.

நன்றாகத்தான் இருந்தார். இதை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சட்டை வெளுப்பாக இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நீங்கள் கேட்டது ஐ.பி. போடுவது எப்படி என்று. நான் மச்சானில் ஆரம்பிக்கிறேன் என்று நினைக்காதீர்கள், அங்கேதான் வருகிறேன். உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். காபி கொண்டு வருகிறேன். நானேதான் போடுவேன், வீட்டில் வேறு ஆள் இல்லை. பாவாயி என் மனைவி. சுவரில் இருக்கிறாளே, அவள்தான். மாரப்பன் அவளுக்கு அண்ணன். உடன் பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

உங்களை யார் அனுப்பியது? தறிப் பட்டறை மயில்சாமியா? அவருக்கும் நான்தான் வக்கீலைக் காட்டிக் கொடுத்தேன். இந்தப் பக்கத்தில் யாருக்குக் கழுத்தில் கத்தி வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். நான் படித்தவன் இல்லை. எட்டாவதோடு சரி. ஆனால் இந்தச் சட்டத்தை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டேன். திவால் மனுவை மஞ்சக் கடுதாசி என்று ஊரில் சொல்வார்கள். அதில் மஞ்சள் ஒன்றும் கிடையாது. எல்லாம் வெள்ளைக் காகிதம்தான்.

நான் கோழிப் பண்ணை வைத்திருந்தேன். நீங்கள் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்களே, அதற்குப் பக்கத்தில் நீளமாக இருக்கிறதே, அதுதான் ஷெட். நாலாயிரம் முட்டைக் கோழி. இந்தத் தொழிலில் தீவனம் கடனுக்குத்தான் வரும். முட்டை விற்றுக் கட்டுவோம். எல்லாரும் அப்படித்தான். முட்டை விலை ஒரு வருடம் படுத்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை. கோழிக்கு விலை தெரியுமா? அது பாட்டுக்குத் தின்கிறது, அது பாட்டுக்கு முட்டை போடுகிறது. போடப் போட நஷ்டம். தீவன மில் முத்துவேலர் முதலில் ஆள் அனுப்பினார், பிறகு தானே வந்தார், பிறகு வரவில்லை. வராமல் போனால்தான் பயப்பட வேண்டும். கோர்ட்டுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நோட்டீஸ் வந்தது. நான் போகவில்லை. முத்துவேலர் எனக்கு வேண்டியவர், பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பணத்தைக் கட்டச் சொல்லி டிகிரி ஆகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை கோர்ட் அமீனா வந்தார், கோழியை ஜப்தி செய்ய.

உங்களுக்குத் தெரியாது, கோழி ஷெட்டுக்குள் யாரும் அப்படியே நுழைய முடியாது. வாசலில் சிமெண்டுத் தொட்டி கட்டி, மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருப்போம். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இரண்டு காலையும் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். வெளியிலிருந்து வருகிற காலில் எந்தப் பண்ணைச் சீக்கு ஒட்டியிருக்குமோ, யாருக்குத் தெரியும். கலெக்டர் வந்தாலும் அப்படித்தான். அமீனா ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். பாவாயி வாசலில் நின்றுகொண்டாள்.

"சாமி, அதைக் கழட்டிப்போட்டுக் காலை நனைச்சுட்டுப் போங்க."

"ஏம்மா, நான் ஜப்திக்கு வந்திருக்கேன்."

"அது எனக்கென்னுங்க தெரியும். கோழிக்குச் சீக்கு வந்துச்சுன்னா சப்தி பண்றதுக்கு உங்களுக்குத்தான் ஒண்ணும் இருக்காது."

அமீனா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, பேண்டை மடித்துவிட்டு, காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனார். கூண்டு கூண்டாக எண்ணினார். புது ஆள் என்றால் கோழிகள் கத்தும். நாலாயிரமும் சேர்ந்து கத்தின. பாதியில் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வெளியே வந்தபோது அவர் தலையில் இறகு ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கட்டில், பீரோ என்றால் வண்டியில் ஏற்றிப் போகலாம். நாலாயிரம் கோழியைக் கோர்ட்டில் எங்கே கட்டுவது? ஏலத் தேதி வரைக்கும் யார் தீவனம் போடுவது? அமீனா, கூட வந்திருந்த முத்துவேலரிடம், "நீங்கதான் போடணும், ஜப்தி கேட்டவரு நீங்க" என்றார்.

முத்துவேலர் சிரித்தார். "நல்லாருக்குதுங்க. தீவனம் போட்டுக் காசு வரலைன்னு கோர்ட்டுக்குப் போனேன். இப்பக் கோர்ட்டே இன்னும் போடுங்குது."

அப்படியானால் நம்பகமான வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அமீனா. கோழிகள் என் பொறுப்பில் இருக்கின்றன, ஏலத்தன்று இத்தனையும் ஒப்படைக்கிறேன், குறைந்தால் நானே விலை கட்டுகிறேன் என்று. சொத்து உள்ள ஆளாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்போது யாரும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. வாசலைத் தாண்டிப் போகிறவர்கள்கூட வேகமாகப் போனார்கள்.

பாவாயி கரட்டுப்பாளையத்துக்குப் போன் போட்டாள். மாரப்பன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். கால், சட்டையெல்லாம் சேறு, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டார். "கோழிக்கு நாங் கையெழுத்துப் போட்டாப் போதுமுங்களா?" என்றார். போட்டார். எங்கே என்று காட்டச் சொல்லிப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. நான் படிக்கச் சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். "தங்கச்சி வீட்டு வாசல்ல உக்காந்து என்னத்தைப் படிக்கிறதுங்க மாப்பளே" என்றார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஒரு பெண்ணின் வீட்டில் இழவானாலும் சீரானாலும் பிறந்த வீட்டான் வந்து நின்றாக வேண்டும். மற்றவர்கள் பிறகுதான்.

அடுத்த நாள் காலையிலேயே மக்காச்சோளம் கொண்டு வந்தார். சொந்தக் காட்டில் விளைந்தது. மூட்டையை இறக்கிவிட்டு, "பட்டினி போட்டுப் போடாதீங்க. என்ற பேர்ல இருக்குதுங்க இப்ப" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

காபி சூடாக இருக்கிறதா? சர்க்கரை குறைவாகத்தான் போட்டேன்.

நாலு மூட்டை மக்காச்சோளம் நாலாயிரம் கோழிக்கு எந்த மூலைக்கு? அதுவும் வெறும் சோளத்தைப் போட்டால் முட்டை நின்றுவிடும். ஆனால் அது இல்லை நான் சொல்ல வந்தது. அதே வெள்ளிக்கிழமை, அமீனா கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "திங்கக்கெழம மறுபடி வருவேன். நீங்க கடன் வாங்குன பைனான்ஸ்காரர் கேஸு. வீட்டுச் சாமானுக்கு. அவுரு உங்க மேல வாரண்டும் கேட்டிருக்காரு. தெரிஞ்சு வச்சுக்கோங்க" என்றார். நல்ல மனிதர். காலை நனைக்கச் சொன்ன கோபம்கூட இல்லை.

அன்று மாலையே வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அரங்கராஜன் என்று பெயர். இப்போது அவர் இல்லை, மகன் இருக்கிறார், அதே மாடி, அதே மேஜை. எல்லாக் கடன்காரர் பெயரையும் சொல்லச் சொன்னார், குமாஸ்தா எழுதிக்கொண்டான். சொத்து என்ன என்று கேட்டார். வீடு, ஷெட் என்றேன். கோழி என்றேன். ஜப்தியில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். "திங்கக்கெழமை காலைல பைல் பண்ணி, அன்னிக்கே தடை வாங்கிடலாம். ஆர்டர் கையில இருந்தா உங்க மேல எவனும் கை வைக்க முடியாது. ரொக்கம் கொண்டு வந்துடுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள. கடனுக்கு ஐ.பி. போட்டுக் குடுத்தா அப்பறம் என் பேரையும் அந்த லிஸ்ட்ல சேத்துடுவீங்க" என்றார். குமாஸ்தா சிரித்தான். அவர் எல்லாரிடமும் இதைச் சொல்வார் என்று பிறகு தெரிந்தது.

ரொக்கம். அதற்கு நான் எங்கே போவேன்? யோசித்துப் பாருங்கள். கடன் கொடுக்க ஆள் இருந்தால் நான் ஏன் ஐ.பி. போடுகிறேன்?

முட்டை ஓய்ந்த கோழிகளைக் கறிக்கு எடுக்கும் கேரளா லாரி சனிக்கிழமைதோறும் எங்கள் பக்கம் வரும். அந்த ஏஜெண்டைப் போய்ப் பார்த்தேன். என் கோழிகள் ஓய்ந்த கோழிகள் இல்லை. நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தவை. கறிக்குப் போட்டால் பாதி விலைகூட வராது. ஆனால் தீவனம் இல்லாமல் அவை கூண்டிலேயே காய்ந்து போகும். செத்த கோழியை வைத்துக்கொண்டு மச்சான் எப்படி ஒப்படைப்பார்? நான் செய்ததைச் சட்டம் தெரிந்த ஆள் யாரும் தப்பு என்று சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

லாரிக்காரர்கள் காலை நனைக்கவில்லை. இனி எதற்கு என்று நானும் சொல்லவில்லை. காலைப் பிடித்துத் தலைகீழாக இரண்டு கையிலும் கொத்தாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாவாயி ஷெட் வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க, அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்குதில்லீங்க?"

"அதுக்குத்தான் ஐ.பி. போடறம். திங்கக்கெழம எல்லாம் நின்னு போயிரும்."

"அண்ணனுக்கும் நிக்குமுங்களா?"

"எல்லாத்துக்கும்தான்."

"வக்கீலுகிட்டக் கேட்டீங்களா?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது. உள்ள போ."

அவள் உள்ளே போகவில்லை. லாரி போகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள். வக்கீல் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லியிருந்தேன். யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரப்பன் இன்னும் இரண்டு மூட்டையோடு வந்தார். நான் அப்போதுதான் வக்கீலுக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டுக்கு வரவில்லை, நேராக ஷெட்டுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செருப்பைக் கழற்றினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொட்டியில் ஒரு காலை நனைத்தார், அடுத்த காலை நனைத்தார். உள்ளே போனார். சத்தம் இல்லாததை அவர் கவனிக்கவில்லையா என்று நான் இப்போதும் நினைப்பேன். நாலாயிரம் கோழி இருக்கும் இடம் ரோட்டிலேயே கேட்கும்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். நான் கை கழுவிவிட்டுப் போனேன்.

"கோழி எங்கீங்க மாப்பளே?"

"வித்துட்டனுங்க மச்சான். வேற வழியில்லை. நாளைக்கு ஐ.பி. போடறேன். போட்டுட்டா நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை."

அவர் மூட்டையைப் பார்த்தார். "அப்ப இந்தச் சோளத்தை என்னுங்க பண்றது?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். ஒரு கோபம் இல்லை. கேட்டிருந்தால் நான் விளக்கமாகச் சொல்லியிருப்பேன். பாவாயி மோர் கொண்டு வந்தாள். வாங்கிக் குடித்தார். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மூட்டையை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார். அந்தச் சோளத்தை ஒரு வருடம் அரைத்துச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை நடந்ததைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு உதவும். பத்தரைக்கு ஜட்ஜ் உட்கார்ந்தார். வக்கீல் எழுந்து, அவசரம், இன்றைக்கே ஜப்தி என்றார். ஜட்ஜ் பேப்பரைப் புரட்டினார். என்னைப் பார்த்து, "என்ன தொழில்?" என்றார். கோழிப் பண்ணை என்றேன். "இப்ப என்ன செய்யறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். கையெழுத்துப் போட்டார். நம் வாழ்க்கையே அந்தக் கையெழுத்தில் இருக்கிறது, அவர் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆர்டர் காப்பி நாளைக்குத்தான் என்றார்கள் ஆபீசில். குமாஸ்தா உள்ளே போய் என்ன பேசினானோ, சீல் வைத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்குத் தனியாக ஏதாவது கொடுத்துவிடுங்கள். அவனுடைய மொபெட்டிலேயே வந்தோம்.

நாங்கள் வந்தபோது கட்டில் வெளியே கிடந்தது. கிரைண்டர், பீரோ, என் அப்பா காலத்து மர பெஞ்சு, எல்லாம் வாசலில். ஊரே நின்றுகொண்டிருந்தது. இத்தனை நாள் வராதவர்கள் எல்லாரும் அன்று வந்திருந்தார்கள். பாவாயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அதையும் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அமீனா என்னைப் பார்த்து, "வாங்க. இன்னிக்கு ஷூவைக் கழட்டாமயே வந்துட்டேன்" என்றார்.

பேப்பரை நீட்டினேன். வெயிலுக்குத் திரும்பி நின்று படித்தார். இரண்டு தடவை படித்தார். "எறக்குங்கப்பா. எல்லாத்தையும் இருந்த எடத்துல வையுங்க" என்றார்.

பைனான்ஸ்காரர் என் முன்னால் வந்து நின்றார். "ஊரான் காசுல சோறு தின்னுட்டு இப்பக் கோர்ட்டு மடில போய் உக்காந்துக்கிட்டியே. வெக்கமா இல்லையா உனக்கு?" என்றார். இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. தூக்கம் வந்தது. கட்டிலை உள்ளே போட்டதும் படுத்தேன், மறுநாள்தான் எழுந்தேன்.

ஒரு சாமான் போகவில்லை. இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த நாற்காலிகூட அன்றைக்கு வெளியே போய் உள்ளே வந்ததுதான். சட்டம் அப்படி. அதனால்தான் சொல்கிறேன், பயப்படாதீர்கள்.

ஏலத் தேதிக்கு முத்துவேலர் இரண்டு பண்ணைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஷெட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "கோழியில்லை, வெறும் கூண்டுதான் கூவுது" என்றார். நான் ஆர்டரைக் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "உன்னைய யாரு கேட்டா? நீ திவாலான ஆளு. நான் கையெழுத்துப் போட்டவரைக் கேட்டுக்கறேன்" என்றார்.

வக்கீலிடம் ஓடினேன். "உங்களைத் தொட முடியாதுன்னுதான் சொன்னேன். அவரைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே. உங்களுக்குப் பொறுப்பேத்தவரை ஐ.பி. காப்பாத்தாது. கோழியாவது இருந்திருந்தா அதைக் கோர்ட்டு எடுத்துக்கும், அவர் கழண்டுக்கலாம்" என்றார். அவர் சொன்ன முறையில் எனக்குத் திருப்தி இல்லை. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மாரப்பனுக்குச் சம்மன் போனது. கோர்ட்டில் கூண்டில் ஏறி என்ன சொன்னார் தெரியுமா? கோழி கழிச்சல் வந்து செத்துப்போச்சுங்க என்றார். ஜட்ஜ், "நாலாயிரமுமா?" என்றார். "ஆமாங்க." "ஊசி போட்ட டாக்டர் சீட்டு இருக்கா? பொதச்ச எடம் இருக்கா?" "இல்லீங்க." பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள். அது பொய். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. நான் விற்றதை அவர் சொல்லியிருந்தால் என்னைப் பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள் என்று வக்கீல் பிறகு சொன்னார். முழு விலையையும் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. கறி விலை இல்லை, முட்டைக் கோழி விலை.

நான் சும்மா இருக்கவில்லை. கரட்டுப்பாளையத்துக்குப் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "மச்சான், நீங்களும் ஐ.பி. போட்டுருங்க. நானே கூட்டிட்டுப் போறேன். அதே வக்கீல்தான், சொல்லிப் பீஸைக் கொறைக்கச் சொல்றேன். ஒரே நாள்ல முடிஞ்சுரும். காடு தப்பிக்கும்" என்றேன்.

வாளியைக் கீழே வைத்தார்.

"ரண்டு ஊட்லயும் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டா, பாவாயி எந்த ஊட்டுக்குங்க வருவா?" என்றார்.

சட்டம் பேசினால் சட்டம் பேசலாம். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கிற ஆள். வீம்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் குடும்பத்தில் எல்லாருக்குமே அது உண்டு. கிணற்றுக்காட்டை விற்றார். அது போதவில்லை. மீதியைத் தவணையாகக் கட்ட ஒத்துக்கொண்டு, பல்லடம் பக்கம் ஒரு கோழிப் பண்ணைக்கு வாட்ச்மேனாகப் போனார். அங்கே போய், வருகிறவன் போகிறவனை எல்லாம் காலை நனைக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பொங்கலுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார், தங்கச்சிக்குச் சீர் கொண்டு. சேலை, வெல்லம், ஒரு கரும்பு. பாவாயி வாங்கி உள்ளே வைப்பாள். கட்ட மாட்டாள். நல்ல சேலைகள். வீணாகப் போகிறதே என்று சொல்லியிருக்கிறேன்.

பிறகு அந்தக் கோர்ட் வாசல். என் கேஸுக்கு வாய்தா, அவருக்குக் கடைசித் தவணை. அந்தப் பழம். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் போன் வந்தது, பண்ணையிலேயே, உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார் என்று. நெஞ்சு வலி. வேறு ஒன்றும் இல்லை, டாக்டர் எழுதியிருக்கிறார். சிலர் வேறு மாதிரி பேசினார்கள். அப்படி இல்லை.

அன்றைக்குப் பிறகு பாவாயி வீட்டில் முட்டை சமைக்கவில்லை. நான் ஏன் என்று கேட்டேன். "புடிக்கலீங்க" என்றாள். அவளுக்கு மிகவும் பிடிக்கும் அது. வயதானால் நாக்கு மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு டாக்டர் தினமும் ஒன்று சாப்பிடச் சொல்கிறார். இப்போது நானே வேகவைத்துக்கொள்கிறேன். கடையில்தான் வாங்குகிறேன்.

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான், அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அந்தச் சேலையைப் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். மாரப்பன் மகன் தங்கராசு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சொல்லி அனுப்பினோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பந்தலில் எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வர மாட்டான் என்று ஒருவர் சொன்னார், நீங்களே ஒன்றை வாங்கிப் போர்த்திவிடுங்கள் என்று இன்னொருவர் சொன்னார். வந்துவிட்டான். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து, பையிலிருந்து சேலையை எடுத்துப் பிரித்து, கழுத்து வரைக்கும் போர்த்தி, ஓரத்தை எல்லாம் சரி செய்தான். அப்பா மாதிரியே நிதானம். காலைத் தொட்டுக் கும்பிட்டான். சுடுகாடு வரைக்கும் வந்தான். எல்லாம் முடிந்து வீட்டு வாசலுக்கு வந்ததும், "வா தங்கராசு, தண்ணி குடிச்சுட்டுப் போ" என்றேன். சொம்பை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"வேண்டாமுங்க மாமா. பஸ்சு இருக்குது" என்றான்.

பஸ் இல்லை. அந்த நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது. எத்தனை பேர் முன்னால். நான் அவனுக்கு என்ன செய்தேன்? அத்தை வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் என்ன? ரோட்டில் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சரி, அது என் கதை. உங்கள் விஷயத்துக்கு வாருங்கள். நாளை மறுநாள் ஜப்தி என்றீர்கள், நேரம் இருக்கிறது. இன்றைக்கே போய்விடுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக் கடை, அதற்கு மேல் மாடி. என் பெயரைச் சொல்லுங்கள். ரொக்கமாகக் கொண்டு போங்கள். எல்லாக் கடனையும் சொல்லுங்கள், ஒன்றை விட்டாலும் பிறகு தொந்தரவு. என் வழக்கு பத்து வருடத்துக்கு மேல் நடந்தது. கடைசியில் முத்துவேலரும் வரவில்லை, பைனான்ஸ்காரரும் செத்துப் போனார், கேட்க ஆள் இல்லாமல் கேஸைக் கட்டி வைத்துவிட்டார்கள். வீடு என் பெயரில்தான் இருக்கிறது.

என்ன கேட்டீர்கள்? கையெழுத்துப் போட்டவர் கதி என்ன என்றா?

உங்கள் கடனுக்கு யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? அக்காவா. அக்கா பெயரில் என்ன இருக்கிறது? வீடு மட்டும்தானா.

சரி. அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரே கேட்பார். கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

எழுந்துவிட்டீர்களா? காபி அப்படியே இருக்கிறதே. ஆறிவிட்டது என்றால் சூடு பண்ணித் தருகிறேன், இரண்டு நிமிடம். வேண்டாமா. அவசரம் இருக்கும்.

வண்டியை எடுக்கும்போது பார்த்து எடுங்கள். ஷெட் வாசலில் அந்தத் தொட்டி அப்படியே இருக்கிறது, இடிக்கவில்லை. புல் மூடியிருப்பதால் தெரியாது. நேற்றுப் பெய்த மழைத் தண்ணீர் அதில் நிற்கிறது.